இடமிருந்து இரண்டாவது ஆள்

ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு முயல் என்று பெயர். காது நீளம் என்பதால் இல்லை. கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிட்டாலே முதலில் துள்ளி விழுவது அவள்தான். குக்கர் விசிலுக்குப் பயம், பல் டாக்டரின் நாற்காலிக்குப் பயம், மாடிப்படியில் விளக்கில்லாத கடைசிப் படிக்குப் பயம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பது. வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் சொல்லும் “உள்ளேன், டீச்சர்” மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதனால் பள்ளிக்கூடத்துக்கு வந்தும் வராத கணக்கில் அவளுக்கு இரண்டு நாள் இருந்தது.

அப்படிப்பட்ட முயல் ஒரு செவ்வாய்க்கிழமை சத்தமாக வாயைத் திறந்தாள். திறந்திருக்கவே கூடாது.

சரித்திர டீச்சர் அந்த மாதம் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வகுப்புக்கு ஒரு புதுப் புத்தகம், ஆளுக்கு ஒரு பிரதியாக, கொண்டுவந்திருந்தார். சிறுவர்களுக்காக எழுதியதுதான், ஆனால் கதை இல்லை. எண்பது வருடங்களுக்கு முன்னால் அந்த ஊரில் வந்த வெள்ளத்தைப் பற்றி, நடந்ததை நடந்தபடி சொல்லும் புத்தகம். பழைய படங்கள், வரைபடங்கள், கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. பிள்ளைகள் அதை வெள்ளப் புத்தகம் என்றார்கள்.

“ஆளுக்கு ஒரு பக்கம்,” என்றார் டீச்சர். “அந்தப் பக்கத்துக்கு நீங்கதான் சொந்தக்காரங்க. யார் என்ன கேட்டாலும் நீங்கதான் பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கணும்.”

கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: எப்படித் தெரியும்?

“அதான் புத்தகத்துலயே போட்டிருக்கே, டீச்சர்,” என்றான் லாரி. வராந்தாவில் ஓடும்போது வாயாலேயே ஹாரன் அடிப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். ஒதுங்காதவர்களை இடித்துத் தள்ளிவிட்டும் போவான்.

“புத்தகம் எழுதினவங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் கேள்வி. வெள்ளிக்கிழமை அவங்களே நம்ம வகுப்புக்கு வராங்க. நேராவே கேட்டுடலாம்.”

முயலுக்கு நாற்பத்தோராம் பக்கம் வந்தது. அதில் ஒரு பழைய புகைப்படம். ஏரி மதகு, அதாவது ஏரி நிரம்பினால் கரை உடையாமல் தண்ணீரைத் திறந்துவிடும் பெரிய இரும்புக் கதவு. அதன் முன்னால் ஒரே மாதிரி சட்டை போட்ட நான்கு ஆட்கள், மதகைக் காவல் காத்தவர்கள். இடமிருந்து இரண்டாவது ஆள் தன் கையை மூன்றாவது ஆளின் தோள்மேல் வைத்திருந்தார்.

அந்த இரண்டாவது ஆளை முயலுக்குத் தெரியும். முறுக்கிய மீசை, குடைபோல் விரிந்த காதுகள். சுருட்டையின் வீட்டுக் கூடத்தில் இதே முகம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சுருட்டை முயலின் ஒரே சிநேகிதி. தலை நிறையச் சுருள் முடி, அதையும் மீறிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும் அதே காதுகள்.

சந்தோஷத்தில் முயலுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாள். “டீச்சர், இடமிருந்து ரெண்டாவதா நிக்கறவர் சுருட்டையோட கொள்ளுத்தாத்தா.”

“அட, அப்படியா? படத்துக்குக் கீழே என்ன போட்டிருக்குன்னு படி பார்ப்போம்.”

கீழே இருப்பதைப் படிக்காமலே எழுந்துவிட்டாள், அதுதான் தப்பு. இப்போது படித்தாள்.

“இடமிருந்து இரண்டாவது நிற்பவர், வெள்ளத்தன்று காலை மதகைத் திறக்காமல் ஓடிப்போனவர். மூன்றாவது நிற்பவர், தனியாளாக நின்று மதகைத் திறந்து ஊரைக் காப்பாற்றியவர்.”

கடைசி வார்த்தைகளுக்கு வரும்போது அவள் குரல் பழையபடி தேய்ந்துபோயிருந்தது.

“மூணாவது ஆள் எங்க கொள்ளுத்தாத்தா,” என்று லாரி குதித்தான். “அப்பா இந்தப் புத்தகத்துல வந்த படத்தைப் பெருசாக்கி வீட்டுல மாட்டியிருக்காரு. ஓடிப்போனவர் அவரு தோள்ல கை வெச்சு ‘காட்டிக் குடுத்துடாதே அண்ணே’ன்னு கெஞ்சறாரு பாருங்க.”

வகுப்பே சிரித்தது. டீச்சர் மேசையைத் தட்டி அடக்கினார். ஆனால் இடைவேளையில் யார் தட்டி அடக்குவது? சுருட்டை தண்ணீர்க் குழாய்க்குப் போனால் பின்னாலேயே ஹாரன் வந்தது. “ஓடு, ஓடு, தண்ணி வருது.” சாயங்காலம் மணி அடித்ததும் சுருட்டை யாரையும் பார்க்காமல் போய்விட்டாள். முயலையும் பார்க்கவில்லை.

புதன்கிழமை சுருட்டை வரவில்லை.

அன்று மாலை முயல் அவள் வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டுவதற்குள் மூன்று தடவை திரும்பிப் போகப் பார்த்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. சுருட்டையின் கண்கள் வீங்கியிருந்தன.

“எதுக்கு வந்த?”

“நான் வேணும்னு சொல்லலடி. படிச்சுப் பார்க்காம சொல்லிட்டேன்.”

“அப்பா வெள்ளிக்கிழமை வந்து டி.சி. வாங்கப் போறாரு. என்னை வேற பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறாரு.”

டி.சி. வாங்கிவிட்டால் பிறகு இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் வர முடியாது. சுருட்டையின் தோளுக்கு மேலாகக் கூடத்துச் சுவர் தெரிந்தது. மீசைக்காரரின் படத்தைக் காணோம். வெறும் ஆணிதான் இருந்தது.

கதவு மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை மாலை வரை முயலுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அம்மா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மிஷின், வெட்டும் மேசை, போட்டுப் பார்ப்பவர்களுக்காக ஓர் ஆளுயரக் கண்ணாடி. முயல் மேசைக்கு அடியில் துணித் துண்டுகளின்மேல் உட்கார்ந்து வெள்ளப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். ஆனால் வகுப்பில் முப்பது பேரிடமும் அதே பக்கம் இருந்தது.

எப்படித் தெரியும்? டீச்சரின் கேள்வி மண்டைக்குள் வண்டுபோல் குடைந்தது.

நான்கு பேரையும் வெறித்துப் பார்த்தாள். அப்போதுதான் ஏதோ ஒன்று இடித்தது. எங்கேயோ பார்த்த தப்பு. அவளே செய்த தப்பு.

போன விடுமுறையில் ஓட்டல் ஒன்றின் சர்வர்களுக்கு அம்மா ஆறு சட்டை தைத்தார். பாக்கெட் வைக்கும் இடத்தில் சாக்கட்டியால் குறி போடும் வேலை முயலுக்கு. ஆறிலும் பக்கம் மாற்றிக் குறி போட்டுவிட்டாள். அம்மா ஆறையும் பிரித்துத் தைத்தார். “ஆம்பளைங்க சட்டைக்கு பாக்கெட் இடது பக்கம்டி. நெஞ்சு துடிக்குதே, அந்தப் பக்கம்,” என்று ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு தடவை சொன்னார்.

படத்தில் நான்கு பேருக்கும் பாக்கெட் வலது பக்கம் இருந்தது.

“அம்மா, இதைப் பாரேன்.”

அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். “ஆமா. அந்தக் காலத்துலயும் ஒரு முயல் குறி போட்டிருக்கும்போல.”

“விளையாடாதே மா. நாலுமே தப்பா இருக்குமா?”

“நீ ஆறுலயும் போட்டியே.” அம்மா சிரித்துக்கொண்டே ஊசிக் கண் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். மெல்லச் சிரிப்பு நின்றது. “இரு, இரு. பட்டன் பட்டியைப் பாரு. ஆம்பளை சட்டையில இடது பக்கத்துப் பட்டிதான் மேல வரும், பட்டன் மாட்டற காஜா ஓட்டை அதுலதான் இருக்கும். இங்க வலது பட்டி மேல வந்திருக்கு. பாக்கெட்டை மாத்தி வெச்சுடுவாங்கடி. பட்டியையும் சேர்த்து எந்தத் தையல்காரனும் மாத்தித் தைக்க மாட்டான்.”

“அப்புறம் எப்படி?”

அம்மா பதில் சொல்வதற்குள் முயல் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று புத்தகத்தை விரித்துக் காட்டினாள். கண்ணாடிக்குள் நான்கு பாக்கெட்டும் இடது பக்கம் போய் உட்கார்ந்தன. பட்டியும் சரியானது.

படத்தைத்தான் திருப்பி அச்சடித்திருந்தார்கள்.

அப்படியென்றால் இடமும் வலமும் மாறும். இடமிருந்து இரண்டாவது ஆள், உண்மையில் மூன்றாவது ஆள். மீசைக்காரர் ஓடவே இல்லை. அவர்தான் தனியாளாக நின்று மதகைத் திறந்தவர். முயலுக்குக் கண்ணாடி முன்னாலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

குதிக்கவில்லை. கண்ணாடிக்குள் இப்போது இடமிருந்து இரண்டாவதாக நின்றவர் யார் என்று பார்த்துவிட்டாள்.

லாரியின் கொள்ளுத்தாத்தா.

புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். வெள்ளிக்கிழமை, எழுத்தாளர் முன்னால், வகுப்பு முன்னால், லாரியின் முன்னால் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும். லாரி சும்மா விடுவானா? சொல்லாவிட்டால் சுருட்டை போய்விடுவாள்.

இன்னொன்றும் உறுத்தியது. செவ்வாய்க்கிழமை ஒருத்தியைக் கேட்காமல் அவளுடைய வீட்டு ஆளைப் பற்றி வகுப்பில் சொன்னாள். அதற்குத்தான் இவ்வளவும். இன்னொரு தடவை அதையே செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன், தண்ணீர்க் குழாயடியில் லாரி தனியாக நின்றிருந்தான். முயல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். பேசுவதற்குப் பதிலாகப் புத்தகத்தையும் அம்மாவின் கைக்கண்ணாடியையும் நீட்டினாள்.

“என்ன இது? முகத்துல சேறா?”

“படத்தை இதுல பாரு,” என்றாள். பாக்கெட்டைச் சொன்னாள், பட்டியைச் சொன்னாள். சொல்லிவிட்டு ஓடத் தயாராக ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

லாரி முதலில் சிரித்தான். பிறகு கண்ணாடியில் பார்த்தான். தன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். மறுபடியும் கண்ணாடியில் பார்த்தான். முஷ்டி இறுகியது. அடிக்கப் போகிறான் என்று முயல் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை.

“சொல்லாதே, முயலு,” என்றான் லாரி. இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. “அப்பா வரவங்க போறவங்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிட்டிருக்காரு. சொல்லாதே, ப்ளீஸ்.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

“சுருட்டை போயிடுவாடா,” என்றாள். மணி அடித்தது.

எழுத்தாளர் வந்தார். வெள்ளை முடி, பெரிய துணிப்பை, பை நிறையக் கடித உறைகள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். தண்ணீர் எத்தனை அடி வந்தது, எப்படித் தெரியும்? பழைய சுவர்களில் கறை இருந்தது. எத்தனை படகுகள், எப்படித் தெரியும்? ஒரு படகுக்காரர் எழுதி வைத்திருந்தார். டீச்சருக்கு முகம் மலர்ந்தது. முயல் பக்க எண்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

ஜன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. அங்கே அலுவலகக் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் தலையைக் குனிந்துகொண்டு சுருட்டை உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா உள்ளே போயிருந்தார்.

“நாற்பத்தொண்ணு யாரு?” என்றார் எழுத்தாளர்.

முயல் எழுந்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“கேக்கலையே கண்ணு.”

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். முயல் திரும்பி லாரியைப் பார்த்தாள். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலைப் பார்த்தாள். வகுப்புக்குக் கேட்டால் போதாது, வராந்தா வரைக்கும் கேட்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சந்தையில் கூவுவதுபோல் கத்தினாள்.

“இந்தப் படம் திரும்பியிருக்கு, மேடம்.”

டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. முன் பெஞ்சுப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

“பசங்க எல்லாரும் உங்க பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்க,” என்றாள் முயல். இத்தனை பையன்கள் தன் பேச்சைக் கேட்டு ஒரே நேரத்தில் நெஞ்சில் கை வைப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. “எல்லாருக்கும் இடது பக்கம். படத்துல நாலு பேருக்கும் வலது பக்கம்.”

எழுத்தாளர் புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். “ஒரே தையல்காரர் நாலையும் தப்பா தைச்சிருக்கலாம் இல்லையா?”

“தைக்கலாம், மேடம். நானே ஆறு தப்பா போட்டிருக்கேன். ஆனா பட்டன் பட்டியும் மாறியிருக்கு. ரெண்டும் சேர்ந்து கண்ணாடியிலதான் மாறும்.” பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எழுத்தாளர் பைக்குள் கையை விட்டார். உறை உறையாகத் தேடி, மஞ்சளடித்த ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தார். புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பின்பக்கம் பேரெல்லாம் வரிசையா எழுதியிருக்கு. அதை வெச்சுத்தான் எழுதினேன்,” என்றார் மெதுவாக. “அச்சகத்துல படத்தைத் திருப்பிப் போட்டிருக்காங்க. அச்சாகி வந்ததும் நான் சரி பார்த்திருக்கணும். பார்க்கல. தப்பு என்னுடையது. மதகைத் திறந்தவர் இந்த மீசைக்காரர்தான்.”

வராந்தாவில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

வகுப்பும் மண்டு இல்லை. ஒரு தலை திரும்பியது, இரண்டு தலை திரும்பியது, கடைசியில் எல்லாத் தலையும் லாரியின் பக்கம் திரும்பின. யாரோ மெல்ல ஒரு ஹாரன் அடித்தார்கள்.

லாரி எழுந்து நின்றான். “ஆமா. ஓடினது எங்க கொள்ளுத்தாத்தா,” என்றான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்தது. மறுபடி உட்காரவும் தெரியாமல் நின்றான்.

முயலுக்குச் செவ்வாய்க்கிழமையை மறுபடி பார்ப்பதுபோல் இருந்தது. அவசர அவசரமாகப் படத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக்குச் சொந்தக்காரி அவள்தானே? கேள்வி கேட்க அவளுக்குத்தான் உரிமை.

“மேடம், இந்தப் படம் எப்ப எடுத்தது?”

எழுத்தாளர் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். “வெள்ளம் வடிஞ்சு பத்தாவது நாள்.”

“அப்படின்னா ஓடினவர் திரும்பி வந்திருக்காரு,” என்றாள் முயல். “வரலைன்னா படத்துல எப்படி இருப்பாரு? மத்த மூணு பேரும் அவரைப் பக்கத்துல நிக்க விட்டிருக்காங்க. காவல் சட்டையையும் யாரும் பிடுங்கிக்கல.”

வகுப்பு படத்தைப் பார்த்தது. அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. மதகைத் திறந்தவரின் கை, ஓடிப்போய்த் திரும்பி வந்தவரின் தோள்மேல் இருந்தது. எண்பது வருடமாக அங்கேயேதான் இருந்தது.

“இதை நான் கவனிக்கவே இல்லையே,” என்றார் எழுத்தாளர். பேனாவை எடுத்துத் தன் புத்தகத்தில், நாற்பத்தோராம் பக்கத்தின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். “அடுத்த பதிப்புல இதுவும் வரும்.”

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. சுருட்டை நின்றிருந்தாள். பின்னால் அவளுடைய அப்பா, கையில் டி.சி.க்கான விண்ணப்பத் தாளோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். இடது பக்கப் பாக்கெட்.

“உள்ளே வரலாமா, டீச்சர்?” என்றாள் சுருட்டை.

“வா, வா.”

முயலின் பக்கத்தில் சுருட்டையின் இடம் காலியாகத்தான் இருந்தது. முயல் ஆசையோடு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுருட்டை அவளைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஆனால் அங்கே உட்காரவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். அங்கே லாரி இன்னும் தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தான்.

“உட்காருடா,” என்றாள். “கொஞ்சம் தள்ளி உட்காரு.”

லாரி தள்ளி உட்கார்ந்தான். அவன் ஹாரன் அடிக்காமல் நகர்ந்தது அன்றைக்குத்தான்.